காதைப் பொத்தியவர்

நடுவர் அவர்களுக்கும் அம்மாப்பேட்டை மக்களுக்கும் வணக்கம். போர்வீரனின் ஆறாத புண்ணை உள்ளபடி சொல்வது சரித்திரமா, கவிதையா? கவிதைதான்.

சரித்திர அணித் தலைவர் ஒரு போடு போட்டார், நீங்களும் கைதட்டினீர்கள்: "தீபாவளி வெடிக்கே காதைப் பொத்துகிறவன் கவிஞன். அவனுக்குப் போரைப் பற்றி என்ன தெரியும்?" ஐயா, வில்ஃப்ரட் ஓவன் கவிஞர்தான். முதல் உலகப் போரில் மனம் கலங்கி, 1917-இல் ஸ்காட்லாந்து மருத்துவமனையில் கிடந்தவர். மறுபடி களத்துக்குப் போய், 1918 நவம்பர் 4 அன்று, போர் ஓய ஒரே வாரம் இருக்கையில், 25 வயதில் இறந்தார். புத்தி பேதலித்த சிப்பாய்களுக்கு விடியல் என்பது, புண் வாய்திறந்து புதிதாய் ரத்தம் கசிவது மாதிரி என்று எழுதினார்.

அந்த விடியலை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். பெரியப்பா 1987-இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். அங்கே கேட்ட அலறலும் "அம்மா" என்றுதான் இருந்ததாம். அதற்கு மேல் சொல்ல மாட்டார். தீபாவளியன்று விடிவதற்குள் ஏற்காடு பஸ் ஏறிவிடுவார். எண்ணெய்க் குளியல் கிடையாது, புதுச்சட்டை கிடையாது. "நல்ல நாளில் இப்படியா?" என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். எட்டு வயதில் அடம்பிடித்து நானும் கூடப் போனேன். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஏதோ ஒரு வளைவில் முன்னால் போன லாரியின் டயர் வெடித்தது. அடுத்த நொடி நான் சீட்டுக்கு அடியில், என்மேல் பெரியப்பா. பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது, நடுவர் அவர்களே! அவர் இரண்டு கையும் காதைப் பொத்தியிருந்தது. யார் காதை? மறுபடி கேட்கிறேன், யார் காதை? என் காதை! அவர் காது இரண்டும் திறந்தே கிடந்தது.

அண்ணே, காதைப் பொத்துகிறவனுக்குப் போர் தெரியாது என்றீர்களே!

அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பிவிட்டது என்கிறது சரித்திரம். சரி. நான் சொன்ன டயர் வெடித்தது 1996-இல்.

புறநானூற்றில் அரிசில்கிழார் பாட்டு ஒன்று. புண்பட்ட வீரனின் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, மணி அடித்து, அவன் புண்ணைக் காக்கலாம் வா என்று தோழியை அழைக்கிறாள் ஒருத்தி. "காக்கம் வம்மோ!" பெரியம்மா அதைப் படித்ததில்லை. ஆனால் இன்றைக்கும் தீபாவளி ராத்திரி, ஏற்காடு பஸ் இறங்கி அவர் வருகிற நேரத்தில், தெருவில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் கெஞ்சுவார்: "கண்ணுகளா, தாத்தா வர்ற நேரம். கொஞ்சம் பொறுங்கடா."

பிள்ளைகள் நிற்பார்கள். கையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கும், அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரை.