அட்லாண்டிக்கின் இரு கரையிலும் ஓர் எசப்பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ராக் இசை பிடித்த இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு சுற்றிச் சுற்றி ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: நீங்கள் பீட்டில்ஸ் பக்கமா, ரோலிங் ஸ்டோன்ஸ் பக்கமா? அறுபது வருடமாக இந்தப் பட்டிமன்றம் ஓய்ந்தபாடில்லை. என்னைக் கேட்டால் பட்டிமன்றத்தின் தலைப்பே சரியில்லை. பீட்டில்ஸுக்கு உண்மையான போட்டியாக இருந்தவர்கள் லண்டன்காரர்கள் அல்ல, கலிபோர்னியாவின் பீச் பாய்ஸ். அவர்களைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச ஆசை. முதலில் ஸ்டோன்ஸ் கதையைப் பார்த்துவிடலாம்.

1962 புத்தாண்டு அன்று லண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தாருக்கு பீட்டில்ஸ் பாடிக் காட்டினார்கள். டெக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதே வருடம் இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஜார்ஜ் மார்ட்டின் அவர்களை எடுத்துக்கொண்டார்; 1963-இல் இங்கிலாந்து முழுக்க அவர்கள் பேச்சாகவே இருந்தது. டெக்காவின் டிக் ரோ லிவர்பூலில் ஓர் இசைப் போட்டிக்கு நடுவராகப் போனார். உடன் நடுவராக இருந்தவர் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன். ரோலிங் ஸ்டோன்ஸ் என்று ஒரு குழு இருக்கிறது, போய்க் கேளுங்கள் என்று ஹாரிசன் சொல்ல, ரோ போய்க் கேட்டார், ஒப்பந்தமும் ஆயிற்று. எதிரிகள் என்று பின்னால் பேசப்பட்டவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவரே ஒரு பீட்டில்தான்.

அதோடு நிற்கவில்லை. 1963 செப்டம்பரில் ஸ்டோன்ஸ் அடுத்த இசைத்தட்டுக்குப் பாட்டு கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். பீட்டில்ஸின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் அவர்கள் ஒத்திகை பார்க்கும் இடத்துக்கே வந்தார்கள். 'ஐ வான்னா பி யுவர் மேன்' என்ற பாட்டு அப்போது அரைகுறையாக இருந்தது. ஒரு மூலைக்குப் போய் அங்கேயே அதை முடித்துக் கொடுத்தார்கள். ஸ்டோன்ஸின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் தாங்களும் பாட்டு எழுதலாம் என்று நினைக்கத் தொடங்கியதில் அந்தச் சந்திப்புக்குப் பங்கு உண்டு. அதே பாட்டை இரண்டு குழுவும் பதிவு செய்திருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. பீட்டில்ஸ் தட்டில் ரிங்கோ ஸ்டார் கலகலவென்று பாடிவிட்டுப் போகிறார். ஸ்டோன்ஸ் தட்டில் பிரையன் ஜோன்ஸ் கிதார் தந்திமேல் குழாயை வழுக்கவிட்டு அலறவைக்கிறார். பாட்டே கோபக்காரப் பாட்டாக மாறிவிடுகிறது. அது இங்கிலாந்து விற்பனை வரிசையில் 12-ஆம் இடம் வரை போனது.

அப்புறம் எங்கிருந்து வந்தது பகை? பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து. பீட்டில்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன், தோல் ஜாக்கெட் போட்டிருந்த பையன்களுக்குக் கோட்டு சூட்டு மாட்டி, பாட்டு முடிந்ததும் தலைவணங்கச் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் விளம்பர வேலை பார்த்திருந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டம் என்ற இளைஞர்தான் ஸ்டோன்ஸுக்கு மேலாளர் ஆனார். நல்ல பிள்ளைகள் இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். கெட்ட பிள்ளைகள் இடத்தை ஸ்டோன்ஸுக்குப் பிடித்துக் கொடுத்தார். பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்?

உள்ளே இருந்தவர்கள் நடந்துகொண்டது வேறு மாதிரி. 1967-இல் வந்த பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' தொகுப்பின் அட்டைப்படத்தை உற்றுப் பாருங்கள். வலது ஓரத்தில் ஒரு துணிப் பொம்மை. அதன் சட்டையில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு நல்வரவு எழுதியிருக்கும். அதே வருடம் ஸ்டோன்ஸ் வெளியிட்ட 'வீ லவ் யூ' பாட்டில் பின்குரல் கொடுத்தவர்கள் லெனனும் மெக்கார்ட்னியும். டிசம்பரில் ஸ்டோன்ஸ் தங்கள் தொகுப்பின் அட்டையில் பீட்டில்ஸ் முகங்களை ஒளித்துவைத்து மரியாதையைத் திருப்பிச் செலுத்தினார்கள். ஆனால் 'சார்ஜென்ட் பெப்பர்' வழியிலேயே போகப் பார்த்த அந்தத் தொகுப்பு அவர்களுக்குப் பொருந்தவில்லை. நாங்கள் செய்ததையெல்லாம் சில மாதம் கழித்து அவர்கள் செய்தார்கள் என்று லெனன் 1970-இல் ஒரு பேட்டியில் கொதித்தார். அவர் மனதில் இந்தத் தொகுப்பும் இருந்தது. ஸ்டோன்ஸ் 1968-இல் தங்கள் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்கு. 'பெகர்ஸ் பேங்க்வெட்' தொகுப்பில் தொடங்கி நாலைந்து வருடம் அவர்கள் வாசித்ததற்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. அந்த வருடங்களில் அவர்களை பீட்டில்ஸோடு ஒப்பிடுவதே வீண். இருவரும் தேடிப் போனது வேறு வேறு.

ப்ளூஸ் என்றதும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மூன்று குழுவுக்கும் ஆசிரியர் ஒருவரே: செயின்ட் லூயிஸ் நகரத்துக் கறுப்பினக் கலைஞர் சக் பெரி. ஸ்டோன்ஸின் முதல் இசைத்தட்டு பெரியின் பாட்டு. பீட்டில்ஸின் இரண்டாவது தொகுப்பில் 'ரோல் ஓவர் பீத்தோவன்' இருக்கிறது, அதுவும் பெரி எழுதியது. பீச் பாய்ஸின் 'சர்ஃபின் யூ.எஸ்.ஏ.' பெரியின் மெட்டு மேல் வேறு வரிகளை ஏற்றியது. முதலில் தட்டில் பெரியின் பெயரே இல்லை. கேள்வி எழுந்த பிறகு உரிமை பெரியின் பாடல்களை வைத்திருந்த நிறுவனத்துக்குப் போனது. பெயர் பின்னால்தான் வந்தது. ஜாகரும் ரிச்சர்ட்ஸும் 1961-இல் டார்ட்ஃபர்ட் ரயில் நிலையத்தில் பேச ஆரம்பித்ததே ஜாகர் கையில் இருந்த சக் பெரி, ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் தட்டுகளைப் பார்த்துத்தான். குழுவின் பெயரும் மடி வாட்டர்ஸின் ஒரு பாட்டிலிருந்து எடுத்தது.

கடனை ஒப்புக்கொண்டவர்களும் உண்டு, காலம் தாழ்த்தியவர்களும் உண்டு. 1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று ஸ்டோன்ஸை அழைத்தபோது, சிகாகோ ப்ளூஸ் பாடகர் ஹௌலின் வுல்ஃபும் வர வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அவர் பாட, இவர்கள் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். வெள்ளைக்கார அமெரிக்க இளைஞர்களில் பலர் தங்கள் நாட்டுப் பெரும் கலைஞரை முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மறுபக்கம், பிரிட்டிஷ் ராக் குழு லெட் ஸெப்லினின் 'ஹோல் லாட்டா லவ்' வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் பாடிய பாட்டிலிருந்து வரிகளை எடுத்தது. டிக்சன் 1985-இல் வழக்குப் போட்ட பிறகுதான் சமரசமாகி அவர் பெயர் சேர்ந்தது. ஸெப்லினின் வாசிப்பு எனக்கு உயிர். ஆனாலும் அந்தப் பதினாறு வருடத்தை மன்னிக்க மனம் வரவில்லை.

சரி, கலிபோர்னியாவுக்கு வருவோம்.

ஹாத்தோர்ன் என்ற சிற்றூரில் பிரையன், டென்னிஸ், கார்ல் என்று வில்சன் சகோதரர்கள் மூவர், ஒன்றுவிட்ட சகோதரர் மைக் லவ், நண்பர் அல் ஜார்டின் சேர்ந்து 1961-இல் தொடங்கியது பீச் பாய்ஸ். கடல் அலை, கார், பெண்கள் இவற்றைப் பற்றிக் குரல்களை அடுக்கி அடுக்கிப் பாடினார்கள். மூத்தவர் பிரையன்தான் மூளை. அவருக்கு வலது காது கிட்டத்தட்ட கேட்காது. ஒரு காதை வைத்துக்கொண்டே அத்தனையையும் கோத்தார். 1964 தொடக்கத்தில் பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்தபோது, பீச் பாய்ஸ் தட்டுகளை வெளியிட்ட கேபிடல் நிறுவனமே பீட்டில்ஸ் தட்டுகளையும் வெளியிட்டது. ஒரே வீட்டுக்குள் போட்டி. அந்த வருடக் கடைசியில் விமானப் பயணத்தில் பிரையனுக்கு மனம் உடைந்து, ஊர் ஊராகப் போவதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் மேடைக்குப் போக, அவர் ஒலிப்பதிவுக் கூடமே கதியென்று ஆனார்.

1965 டிசம்பரில் பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' வந்தது. அதுவரை நீள இசைத்தட்டு என்றால் இரண்டு மூன்று நல்ல பாட்டு, மீதி இடத்தை நிரப்ப எதையாவது போடுவது என்பதுதான் வழக்கம். இதில் நிரப்புவதற்கென்று ஒரு பாட்டுகூட இல்லை என்பது பிரையனை உலுக்கியது. இங்கே ஒரு சுவாரசியம்: அவர் கேட்டது பீட்டில்ஸ் வரிசைப்படுத்திய தட்டு அல்ல. அமெரிக்க நிறுவனம் சில பாட்டுகளை எடுத்துவிட்டு, முந்தைய தொகுப்பிலிருந்து இரண்டைச் சேர்த்துத் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தது. அதனால் அது இன்னும் மென்மையாக, ஒரே குணத்தோடு ஒலித்தது. அந்த மாற்றம்தான் பிரையனை அப்படிப் பிடித்துக்கொண்டது என்று நான் நினைக்கிறேன்.

பதில் 1966 மே 16-ஆம் தேதி வந்தது: 'பெட் சவுண்ட்ஸ்'. ஹாலிவுட்டின் தேர்ந்த கூலி இசைஞர்களைக் கூட்டிவைத்து, ஒவ்வொருவருக்கும் வேண்டியதை வாயால் பாடிக் காட்டியே வாங்கினார் பிரையன். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதாரில் கேரல் கே, டிரம்ஸில் ஹால் பிளெய்ன். சைக்கிள் மணி, ரயில் சத்தம், பிரையன் வீட்டு நாய்கள் குரைப்பது எல்லாம் அதில் உண்டு. அந்தத் தொகுப்பின் 'காட் ஒன்லி நோஸ்' பாட்டை ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டின், ஆதார சுரத்தில் உட்கார வேண்டிய பேஸ், அடிக்கடி அங்கே உட்காராமல் அதே கட்டின் வேறொரு சுரத்தில் நிற்கும். அதனால் பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறது என்று காது தேடிக்கொண்டே இருக்கும். காதலைப் பாடினாலும் உள்ளே ஒரு பதற்றம் இருப்பது அதனால்தான். பாடிய கார்ல் வில்சனுக்கு அப்போது 19 வயது.

அமெரிக்காவில் தொகுப்பு 10-ஆம் இடத்தோடு நின்றது. இங்கிலாந்தில் 2-ஆம் இடம். குழுவில் சேர்ந்திருந்த புரூஸ் ஜான்ஸ்டன் தட்டை லண்டனுக்கு எடுத்துப் போய், விடுதி அறையில் லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் போட்டுக் காட்டினார். மெக்கார்ட்னி அதை விடவே இல்லை. 'காட் ஒன்லி நோஸ்' தனக்கு மிகப் பிடித்த பாட்டு என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வருகிறார். அந்த ஆகஸ்ட்டில் வந்த 'ரிவால்வர்' தொகுப்பில் 'ஹியர், தேர் அண்ட் எவ்ரிவேர்' பாட்டின் குரல் அடுக்கில் பீச் பாய்ஸ் சாயல் தெரியும். அடுத்த வருடம் 'சார்ஜென்ட் பெப்பர்' தொகுப்பில் மெக்கார்ட்னியின் பேஸ் தாளத்துக்குத் துணை போவதை விட்டுத் தனி மெட்டாகவே நடக்கும். பல பாட்டுகளில் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக, நிதானமாக பேஸைப் பதிவு செய்தார். 'பெட் சவுண்ட்ஸ்' இல்லாவிட்டால் அந்தத் தொகுப்பே இல்லை என்று ஜார்ஜ் மார்ட்டினே சொல்லியிருக்கிறார்.

நம் கிராமத்துப் பாட்டில் இந்தப் பக்கம் ஒருவர் பாட, அந்தப் பக்கம் எசப்பாட்டு எழும் அல்லவா? அப்படித்தான் நடந்தது இது, ஒவ்வோர் அடிக்கும் சில மாத இடைவெளியில். 1966 அக்டோபரில் பிரையன் 'குட் வைப்ரேஷன்ஸ்' போட்டார். நான்கு கூடங்களில், மாதக்கணக்கில், துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டிய மூன்றரை நிமிடப் பாட்டு. வருடக் கடைசியில் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை ஒன்றின் வாசகர் வாக்கெடுப்பில் உலகின் சிறந்த குழு என்ற இடம் பீட்டில்ஸிடமிருந்து பீச் பாய்ஸுக்குப் போனது.

அடுத்த அடி பிரையனிடமிருந்து 'ஸ்மைல்' என்ற பெயரில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போதைப்பொருள், மனநோய், குழுவுக்குள் மனத்தாங்கல், கேபிடலோடு வழக்கு என்று எல்லாம் சேர்ந்து அழுத்த, 1967-இல் அதைக் கைவிட்டார். ஒரு பக்கம் நான்கு பேர், கூடவே ஜார்ஜ் மார்ட்டின். மறுபக்கம் ஏறக்குறைய ஒற்றை ஆள். இந்த ஒப்பீட்டில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். லெனன் சோர்ந்தால் மெக்கார்ட்னி இழுப்பார், இவர் இனிப்பைக் கொட்டினால் அவர் குறைப்பார். பிரையனுக்கு அப்படி ஒரு சமமான ஆள் கூடத்துக்குள் இல்லை. 37 வருடம் கழித்து, 2004 பிப்ரவரியில், லண்டன் மேடையில்தான் 'ஸ்மைல்' முழுசாக ஒலித்தது. பாடியவருக்கு வயது 61.

1942 ஜூன் 18-இல் மெக்கார்ட்னி பிறந்தார், ஜூன் 20-இல் பிரையன். இரண்டே நாள் இடைவெளி. 2000-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாடலாசிரியர் பெருமன்றத்தில் பிரையனைச் சேர்த்தபோது, மேடையில் அவரை அறிமுகம் செய்தவர் மெக்கார்ட்னி. 2025 ஜூன் 11-இல் பிரையன் காலமானார்.

இந்த உரைக்குப் பிறகு மூன்று பாட்டு ஒலிபரப்பக் கேட்டிருக்கிறேன்: 'ரப்பர் சோல்' தொகுப்பிலிருந்து ஒன்று, அப்புறம் 'காட் ஒன்லி நோஸ்', கடைசியாக 'ஹியர், தேர் அண்ட் எவ்ரிவேர்'. வந்த வரிசையிலேயே கேளுங்கள். முடிந்தால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். பேஸ் சின்ன ஒலிபெருக்கியில் சரியாகக் கேட்காது. வணக்கம்.