நுங்கம்பாக்கத்துல மாட்டின சிறுகோள்!

[திரையில்: பழைய சென்னை வரைபடம்]

ஆசியாக் கண்டத்துல இருந்து முதன்முதலா ஒரு சிறுகோளை, அதாவது சூரியனைச் சுத்துற சின்னப் பாறையை, கண்டுபிடிச்சது எங்கே தெரியுமா? நுங்கம்பாக்கத்துலங்க! 1861 ஏப்ரல் 17, மெட்ராஸ் வானாய்வகம். கண்டுபிடிச்சவர் நார்மன் போக்சன். விண்மீன்களோட பிரகாசத்தை எண்ணால சொல்றோமே, அந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தினவரும் இவர்தான். அந்தச் சிறுகோளோட பேரு 67 ஏசியா. 1885 வரைக்கும் அங்கேயே இன்னும் சிலதைப் பிடிச்சார். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல இடைவெளி. 1988-ல வாணியம்பாடி பக்கத்துல இருக்கிற காவலூர் வானாய்வகத்துல வானியலாளர் ராஜமோகன் 4130 ராமானுஜன்ங்கிற சிறுகோளைப் பிடிச்சார்.

வரலாறு போதும், விஷயத்துக்கு வருவோம். லட்சக்கணக்கான புள்ளியில எது சிறுகோள்னு எப்படித் தெரியும்?

வாணியம்பாடி, குப்பம் பக்கத்து ஆளுங்களுக்கு இது சுலபமாப் புரியும். ஹைவேஸ்ல உங்க பஸ் ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணுது. தூரத்துல ஏலகிரி மலை. லாரியும் முன்னாடிதான் போகுது, ஆனா மலையை வச்சுப் பார்த்தா பின்னாடி நழுவுற மாதிரி இருக்கும். பூமி பஸ், ஏசியா லாரி, மலை விண்மீன்கள். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுது, ஏசியா 19 சொச்சம். நாம அதைத் தாண்டுற ராத்திரி, அது சூரியனுக்கு நேர் எதிரே, நடு ராத்திரி உச்சியில நிக்கும். அப்போ மணிக்கு சுமார் 37 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினா ஒரு பங்கு) மேற்கே நகரும். ஒரு நாளைக்கு நிலா அகலத்துல பாதி! எனக்கு இந்தக் கணக்குதான் ரொம்பப் பிடிச்சது.

பார்க்கணும்னா 6 அங்குலத் தொலைநோக்கி போதும். அந்த இடத்து விண்மீன்களை வரைஞ்சு, நேரத்தை எழுதி, இரண்டு மணி நேரம் கழிச்சு அதே ஐபீஸ்ல (கண்ணு வைக்கிற லென்ஸ்) திரும்ப வரையுங்க. எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கோ அதுதான் ஆள். கடிகாரம் ஒரு நிமிஷம் தப்பினாலே இடம் 0.6 ஆர்க்செகண்ட் தப்பும், அதனால போன் நேரத்தையே எழுதுங்க. நேர் எதிரே வர்றதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியும் பின்னாடியும் சில நாள் அசையாம நிக்கிற மாதிரி தெரியும். அப்போ தேடினா விண்மீன்னு நினைச்சு விட்டுடுவீங்க. பால்வீதிக்குள்ள புகுந்துட்டா கேக்கவே வேணாம், புள்ளிக் கூட்டத்துல கண்ணு வலிக்கும்.

ஒரு ராத்திரி பார்த்தா பத்தாது. பக்கத்துல மெதுவாப் போறதும் தூரத்துல வேகமாப் போறதும் ஒரே மாதிரி நகரும். வானத்துல அது இருக்கிற இடத்தைக் குறைஞ்சது மூணு தடவை குறிக்கணும், இடையில நாள் கணக்குல இடைவெளி வேணும். இல்லேன்னா சுற்றுப்பாதை கிடைக்காது, கண்டுபிடிச்ச பொருளே தொலைஞ்சு போகும்.

ஏசியாவோட பாதை? சூரியன்ல இருந்து சராசரியா பூமியை விட 2.42 மடங்கு தூரம். நீள்வட்டம்கிறதால 1.97-க்கும் 2.87-க்கும் நடுவுல ஊஞ்சலாடும். ஒரு சுற்றுக்கு 3.77 வருஷம். இப்போ பாருங்க, செவ்வாய்க்கு ஒரு சுற்று 1.88 வருஷம். அதாவது இது ஒரு சுத்து சுத்தி முடிக்கிறதுக்குள்ள செவ்வாய் ரெண்டு சுத்து முடிச்சிடும்!

நாம இதை ஓவர்டேக் பண்றது சுமார் 16 மாசத்துக்கு ஒரு தடவை. அடுத்தது எப்போன்னு தேடி, தேதியைக் கமெண்ட்ல போடுங்க. வடகிழக்குப் பருவமழையில விழுந்தா சாபம் மட்டும் எனக்கு வேண்டாம்!