கூடம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை

அவைத் தலைவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். இந்த மழையில் இரண்டு பஸ் மாறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களுக்கு வணக்கம். இருபது வருடமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் நம் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுக்கும் தலைமையாசிரியை அவர்களுக்கும், எனக்குப் பொன்னாடை போர்த்திய மூத்தோர் சங்கத்து அண்ணனுக்கும் என் நன்றி. மைக் செட்டைத் தங்கள் காரிலேயே ஏற்றி வந்து காலையிலிருந்து வயரோடு மல்லுக்கட்டிய தம்பிமார், உள்ளே இன்னும் வடை போட்டுக்கொண்டிருக்கும் அக்காமார், இவர்கள் இல்லை என்றால் இந்த விழாவே இல்லை. எல்லோருக்கும் ஒரு கைதட்டு கொடுங்கள்.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பங்க் இசை பற்றி என்ன பேச்சு என்று நேற்று மூன்று பேர் போன் போட்டுக் கேட்டார்கள். பங்க் என்றால் 1970களில் இளைஞர்கள் வேகமாகவும் சத்தமாகவும் வாசித்த எளிய ராக் இசை. நாம் குடியிருக்கிற இந்த லண்டனில் நடந்த கதை இது, நம் தலையும் அதில் உருண்டிருக்கிறது, அதனால்தான் பேசுகிறேன். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று வேலையில்லாத் திண்டாட்டம், இரண்டு இனவெறி, மூன்று அந்த இசையில் பெண்கள்.

என் அப்பாச்சி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லுவார்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். 1976-இல் கிதார் தூக்கிய பையன்களைப் பார்த்து இந்த ஊர்ப் பத்திரிகைகள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். வாசிக்கத் தெரியாது, பாடத் தெரியாது, சத்தம்தான் போடுகிறார்கள் என்றார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் அந்தப் பையன்கள் அதை மறைக்கவே இல்லை. 1977 ஜனவரியில் ஒரு சின்னப் பத்திரிகை கிதாரில் விரல் வைக்கும் மூன்று சுரக்கூட்டுகளைப் படம் போட்டுக் காட்டி, இது ஒன்று, இது இன்னொன்று, இது மூன்றாவது, போய் ஒரு பாண்ட் ஆரம்பி என்று எழுதியது. அதே மாதம் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு கைமாற்றாக 500 பவுண்ட் வாங்கித் தங்கள் இசைத்தட்டைத் தாங்களே போட்டு விற்றது. கம்பெனி வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம் என்று பிறகு எத்தனையோ பேருக்கு அது வழி காட்டியது.

அன்றைய நிலைமை என்ன? வேலை இல்லாதவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அரசாங்கமே சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்.இடம் கடனுக்குக் கை நீட்டியது. பதினாறு வயதில் பள்ளியை விட்டு வெளியே வருகிற பையன், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை வாசலில் பூட்டைப் பார்த்தான். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜான் லைடன், வடக்கு லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் அயர்லாந்திலிருந்து வந்த கூலிக் குடும்பத்துப் பிள்ளை. ஏஞ்சலிக் அப்ஸ்டார்ட்ஸ் குழுவின் பாடகர் மென்சி வடகிழக்கு இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ்காரர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பழகியவர். சரி, எல்லோரும் அப்படியா என்றால் இல்லை. கிளாஷ் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மருக்கு அப்பா வெளியுறவுத் துறை அதிகாரி, படித்தது விடுதிப் பள்ளியில். அதனால் அவர் பாடியது பொய் என்று சிலர் இன்றும் எழுதுகிறார்கள். எங்கே பிறந்தான் என்பதைவிட எந்தப் பக்கம் நின்றான் என்பதுதான் எனக்குப் பெரிது.

நான் 1986-இல் இங்கே வந்தபோது ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. கூட வேலை பார்த்த வெள்ளைக்காரரின் தோல் ஜாக்கெட் முழுக்க ஊக்கு. நம் அம்மாமார் தாலிக்கொடியில் கோர்த்து வைத்திருப்பார்களே, அவசரத்துக்குக் கழற்றி நம் சட்டையில் குத்திவிடுவார்களே, அதே ஊக்கு, வரிசை வரிசையாக. எனக்குப் பார்க்கவே பயம். இனவெறி பிடித்த மொட்டைத் தலைக்காரர்கள் எங்களைத் துரத்திய காலம் அது, இவரும் அந்தக் கூட்டம் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் ஒரு நாள் விடிகாலையில் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னார், இனவெறிக்கு எதிராக விக்டோரியா பார்க்குக்கு நடந்தவர்களில் நானும் ஒருவன் என்று.

அந்த நடை 1978 ஏப்ரல் 30. டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஹாக்னி வரை. அதற்கு முந்தைய வருடம் லண்டன் தேர்தலில், குடியேறியவர்களுக்கு எதிரான நேஷனல் ஃப்ரண்ட் கட்சிக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்திருந்தது. 1976-இல் ஆசியர்கள் நிறைய வாழும் மேற்கு லண்டன் சவுத்தாலில் குர்தீப் சிங் சாகர் என்ற பதினெட்டு வயதுப் பையனைக் குத்திக் கொன்றார்கள். அதே கோடையில் பிரபல கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடித்துவிட்டு மேடையிலேயே, குடியேற்றத்தை எதிர்த்த அரசியல்வாதி ஈனாக் பவலுக்கு ஆதரவாகப் பேசினார். அதைக் கண்டித்துச் சிலர் இசைப் பத்திரிகைகளுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் பிறந்ததுதான் ‘ராக் அகென்ஸ்ட் ரேசிசம்’, இனவெறிக்கு எதிரான இசை இயக்கம். ஒரு கடிதம், அவ்வளவுதான். இரண்டே வருடத்தில் விக்டோரியா பார்க்கில் பல்லாயிரம் பேர். பங்க் குழுவும் ஜமைக்கா இசையான ரெகே வாசிக்கும் குழுவும் ஒரே மேடையில் ஏறின. கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், அப்புறம் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ். அந்தக் கடைசிக் குழுவில் பாடிய பாலி ஸ்டைரீனின் அப்பா சோமாலியாக்காரர். பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் இது, அதற்கே தனியாக ஒரு நாள் வேண்டும், இப்போது விட்டுவிடுகிறேன்.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் சிலர் அதிர்ச்சிக்காக நாஜிகளின் ஸ்வஸ்திகா மாட்டித் திரிந்தார்கள், அது மன்னிக்கக்கூடியது அல்ல. ஷாம் 69 குழுவின் கச்சேரிகளில் நேஷனல் ஃப்ரண்ட் ஆட்கள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். 1981 ஜூலையில் சவுத்தாலில் ஒரு மதுக்கடையில் நடந்த கச்சேரிக்கு வந்த மொட்டைத் தலைக் கூட்டத்தோடு நம் ஆசியப் பையன்கள் மோதி, அந்தக் கடையே எரிந்தது. அதே கோபம், அதே வறுமை, இரண்டு பக்கமும் இழுக்கலாம். யார் முதலில் போய்ப் பையன்களோடு உட்காருகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இப்போது கூடத்துக்கு வருகிறேன். கூடம் கோணல் என்று அந்தப் பையன்கள் சொல்லவில்லை, அவர்களுக்குக் கூடமே கொடுக்கவில்லை! 1976 டிசம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் டிவியில் கெட்ட வார்த்தை பேசிய பிறகு, ஊர் ஊராக நகரசபைகள் மண்டபத்தைப் பூட்டின. போட்டிருந்த கச்சேரிகளில் பாதிக்கும் மேல் ரத்து. வேல்ஸில் கேர்ஃபில்லி என்ற ஊரில் ஒரு சினிமாக் கொட்டகை இடம் கொடுத்தது. எதிர்ப்பக்கம் ஊர் மக்கள் குளிரில் நின்று அவர்களுக்கு எதிராகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற கவுன்சிலர் ஒருவர் பல வருடம் கழித்து, நான் செய்தது தவறு என்று வருந்தினார்.

அடுத்த வருடக் கிறிஸ்துமஸ் கதையைக் கேளுங்கள். 1977 நவம்பரில் நாடு முழுவதும் தீயணைப்பு வீரர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கிறிஸ்துமஸும் வந்துவிட்டது, வீட்டில் பணம் இல்லை. பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்க வழியில்லாத வீடுகள். ஹடர்ஸ்ஃபீல்டில் ஐவன்ஹோஸ் என்ற கிளப். நாட்டையே கெடுக்க வந்தவர்கள் என்று பத்திரிகைகள் திட்டிய அதே செக்ஸ் பிஸ்டல்ஸ் அங்கே போய், டிசம்பர் 25 மத்தியானம் அந்தத் தீயணைப்பு வீரர்களின் பிள்ளைகளுக்கும் வேலை போனவர்களின் பிள்ளைகளுக்கும் விருந்து வைத்தார்கள். பரிசு கொடுத்தார்கள், டி-ஷர்ட், இசைத்தட்டு, ஸ்கேட்போர்டு எல்லாம். மேசையில் மலைபோல ஒரு கேக். லைடன் வெட்டப் போனார், வெட்டியது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பறந்தது! பிள்ளைகள் கேக்கை அள்ளி அவர் மூஞ்சியிலேயே அப்பினார்கள், தலைமுடியெல்லாம் கிரீம், மனிதர் சிரித்துக்கொண்டே நின்றார். எல்லோரும் பயந்த, அந்தக் குழுவில் பாஸ் கிதார் வாசித்த சிட் விஷியஸும் அன்று பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்தாராம். அப்புறம் அந்தப் பொடிசுகளுக்காக ஒரு கச்சேரி, இரவில் பெரியவர்களுக்கு இன்னொன்று. அடுத்த மாதம் அமெரிக்காவில் குழு உடைந்தது. பல வருடம் கழித்து மறுபடி கூடும்வரை இந்த நாட்டில் அவர்கள் வாசித்த கடைசி நாள் அதுதான். அரசியல் என்றால் கொள்கை விளக்கம் மட்டுமா? வேலைநிறுத்தக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் கேக் கொடுத்ததும் அரசியல்தான்.

இருபத்தைந்து வருடம் கழித்து, 2002 நவம்பர் 15. மறுபடி தீயணைப்பு வீரர்களின் சம்பளப் போராட்டம். மேற்கு லண்டன் ஆக்டன் டவுன் ஹாலில் அவர்களுக்காக ஜோ ஸ்ட்ரம்மர் பாடினார். பாதியில் கூட்டத்திலிருந்து, கிளாஷில் அவரோடு கிதார் வாசித்த மிக் ஜோன்ஸ் மேடையேறிக் கிதாரை எடுத்தார். கிளாஷ் உடைந்து பல வருடம் ஒன்றாக மேடையேறாத இருவரும் அன்று தீயணைப்புத் தொழிலாளிக்காகச் சேர்ந்து நின்றார்கள். ஐந்து வாரத்தில் ஸ்ட்ரம்மர் இதய நோயால் இறந்துபோனார்.

கவுன்சிலர் அம்மா, இதை உங்களிடம் நேராகச் சொல்கிறேன். அந்த ஆக்டன் டவுன் ஹாலில் இன்று பிளாட்டுகள். மான்செஸ்டரில் 1976-இல் நாற்பது பேர் செக்ஸ் பிஸ்டல்ஸைக் கேட்டு, அதில் பலர் வெளியே வந்து தாங்களே குழு ஆரம்பித்த அந்த மண்டபம் இன்று ஹோட்டல். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கூடத்தின் வாடகையை இந்த வருடம் இரண்டு மடங்காக்கிவிட்டார்கள், அடுத்து விற்கப்போகிறார்கள் என்று பேச்சு. பின்னால் அந்தச் சின்ன அறையில் வெள்ளிக்கிழமை மாலை நம் பையன்கள் டிரம்ஸும் பறையும் வைத்து அடிக்கிறார்கள், ஒரு சோமாலிப் பெண் பாடுகிறாள், போலந்துக்காரப் பையன் கிதார். தாளம் தப்புகிறது, எனக்குத் தெரியும். சுவரில் ஈரம், தரை ஒரு பக்கம் சரிவு, கூடம் உண்மையிலேயே கோணல்தான். அப்பாச்சி இருந்திருந்தால் சிரித்திருப்பார். இந்தப் பிள்ளைகள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை, பூட்டாதீர்கள் என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

வடை மேசைக்குப் பக்கத்தில் கையெழுத்துத் தாள் இருக்கிறது. பெயரோடு தபால் குறியீட்டையும் மறக்காமல் எழுதுங்கள், அது இல்லாவிட்டால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நகரசபைக் கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு. டிரம்ஸ் அடிக்கிற தம்பிமாரும் வருகிறார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் நாம் எல்லோரும் போய் உட்கார வேண்டும். நன்றி, வணக்கம்.