கடல் கடந்த ஆட்டம்: வாழ்வா, வதையா?

நடுவர் ஐயா அவர்களே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"கூடைப்பந்து வீராங்கனைக்கு வெளிநாட்டு ஆட்டம் வாழ்வா, வதையா?" என்பது தலைப்பு. வாழ்வே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, "1860இல் நம் பாட்டன் கைநாட்டு வைத்து மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்தான், இந்த வீராங்கனை கையெழுத்துப் போட்டு விமானத்தில் போகிறாள், இரண்டும் ஒப்பந்தக் கூலிதான்" என்றார். அரங்கமே கைதட்டியது. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அக்கா, நம் பாட்டன் பட்ட பாட்டை இவ்வளவு லேசாக எடைபோடலாமா? அனுமதிச் சீட்டு இல்லாமல் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. ஒப்பந்தம் முடித்துச் சொந்தக் காலில் நிற்கப் பார்த்தவன் தலையில், 1895ஆம் வருஷச் சட்டப்படி மூன்று பவுண்டு வரி. கட்ட முடியாதவன் மறுபடியும் ஒப்பந்தக் கூலியாகத் தோட்டத்துக்கு!

இந்த வீராங்கனைக்கு கிளப் சம்பளம் தராமல் இழுத்தடித்தால் என்ன ஆகும்? 2007 முதல் ஜெனீவாவில் கூடைப்பந்துக்கென்றே ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அதற்கான விதி இருந்தால் அங்கே வழக்குப் போடலாம். தீர்ப்பை மதிக்காத கிளப் புதிதாக வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுக்க முடியாமல் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா தடை போடலாம். இங்கே மவுண்ட் எட்ஜ்கோம்ப் தோட்டத்தில் கரும்பு வெட்டிய எந்த ஆயாவுக்கு இப்படி ஒரு வாசல் திறந்திருந்தது?

அடுத்து, பணம். அமெரிக்க வீராங்கனை டயானா டோராசிக்கு 2015இல் ரஷ்யாவின் எகாத்தரின்பர்க் கிளப், "கோடையில் அமெரிக்காவில் ஆடாதே, ஓய்வெடு, அந்தச் சம்பளத்தை நாங்கள் தருகிறோம்" என்றது. அங்கே அவர் சம்பளம் சுமார் 15 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. சொந்த நாட்டு லீக்கில் 1,07,000 டாலர்கூடத் தேறாது! அவர் அந்த சீசனை விட்டார். 2020இல் அமெரிக்க லீக் உச்சச் சம்பளத்தை 2,15,000 டாலராக உயர்த்தியது. கூடவே, "வெளிநாட்டு ஆட்டத்தை முடித்துவிட்டு நேரத்துக்கு வந்து சேர்" என்று ஒரு விதியும் போட்டது. வீராங்கனைகள் கைவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் இல்லாமலா விதி போட்டார்கள், நடுவர் ஐயா?

ரஷ்யாவில் ஆடிய அமெரிக்க வீராங்கனை பிரிட்னி கிரைனரை எதிரணியினர் சொன்னார்கள். 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைது, ஒன்பது வருஷத் தண்டனை, டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலை. அந்தப் பெண் பட்ட துன்பத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். இனி ஒலிம்பிக் தவிர வெளிநாட்டில் ஆட மாட்டேன் என்றார்; அது அவர் உரிமை. ஆனால் இன்னொரு அமெரிக்க வீராங்கனை பிரியானா ஸ்டூவர்ட்டையும் பாருங்கள். 2019இல் ரஷ்ய கிளப்புக்காக ஹங்கேரியில் ஆடும்போது குதிகால் தசைநார் அறுந்தது. ஒரு சீசனே போனது. அப்படியும் திரும்பப் போனார். 2021இல் ஐரோப்பிய கிளப்களுக்கான யூரோலீக் கோப்பை வென்றார். உக்ரைன் போர் வந்ததும் ரஷ்யாவை விட்டுத் துருக்கிக்குப் போனார். அப்போது நாட்டை மாற்றினாரே தவிர, கடல் தாண்டுவதை நிறுத்திவிடவில்லை.

ஏன் தெரியுமா? ஆட்டத்தை நிறுத்திப் பேசும் டைம்அவுட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே நிமிடம். பயிற்சியாளர் வெளிநாட்டிலிருந்து வந்தவளுக்குப் புரியாத மொழியில் கத்துகிறார். சின்னப் பலகையில் மார்க்கரால் கோடு இழுக்கிறார். எதிராளியை மறிக்கும் ஸ்கிரீன் எந்தப் பக்கம், பந்து யார் கைக்கு, எல்லாம் அந்தக் கோட்டிலேயே படிக்க வேண்டும். கடைசிப் பந்து பெரும்பாலும் வெளிநாட்டுக்காரி கைக்குத்தான் வரும். பந்து கூடையில் விழவில்லையென்றால் பாதி சீசனில் வேறொருத்தி வருவாள். இந்த நெருக்கடியில் ஆடிப் பழகியவள் ஊர் அணிக்குத் திரும்பும்போது வேறு ஆளாக வருகிறாள். நம் கண் முன்னால், கூடைப்பந்தைப் போன்ற நெட்பாலில் பார்த்தோமே! நம் நாட்டுக் கார்லா பிரிட்டோரியஸ் ஆஸ்திரேலிய கிளப்பில் ஆடினார்; 2019 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா நான்காவது இடம், தொடரின் சிறந்த ஆட்டக்காரி அவர்.

தேநீர் இடைவேளையில் ஒரு அம்மா என்னிடம், "என் மகளை அனுப்பலாமாப்பா?" என்று கேட்டார். சம்பளம் எந்தத் தேதியில் வரும், அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, சண்டை வந்தால் எந்தத் தீர்ப்பாயம்? மூன்றும் எழுத்தில் இருந்தால், தயங்காமல் அனுப்புங்கள் அம்மா.