மேசைமேல் ஏறி நின்ற பெண்

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இன்று நான் பேச வந்திருப்பது ஹெடா ஸ்டெர்ன் என்ற ஓவியரைப் பற்றி. ருமேனியாவில் பிறந்து, அமெரிக்காவில் வாழ்ந்து, நூறு வயதில் மறைந்தவர். எந்த உருவத்தையும் நேரடியாகக் காட்டாத அரூப ஓவியங்கள் தீட்டினார், கல்லச்சில் படங்கள் போட்டார். ஆனாலும் கலை வரலாற்றுப் புத்தகங்களில் அவரைத் தேடினால் முதலில் கிடைப்பது அவருடைய ஓவியம் அல்ல, அவர் நிற்கும் ஒரு புகைப்படம்.

அதை எடுத்தவர் நீனா லீன். 1951 ஜனவரி 15ஆம் தேதி அமெரிக்காவின் 'லைஃப்' இதழில் வந்தது. கோட்டு சூட்டு அணிந்த 14 ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு மேசைமேல் ஏறி நிற்கும் ஒரே பெண். பெரும்புகழ் பெற்ற அமெரிக்க அரூப ஓவியர்களான ஜாக்சன் பொல்லாக், மார்க் ராத்கோ, டி கூனிங், பார்னெட் நியூமன் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நடத்தவிருந்த ஒரு பெரிய அமெரிக்க ஓவியக் கண்காட்சிக்குப் புதிய கலையை வெறுப்பவர்களையே நடுவர்களாகப் போட்டார்கள் என்று, 1950 மே மாதத்தில் 18 ஓவியர்கள் கையெழுத்திட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்தப் பதினெட்டில் ஹெடா ஒருவர். அவர்களில் பதினைந்து பேர்தான் அந்தப் புகைப்படத்தில் இருப்பவர்கள். 'சினக்காரர்கள்' என்று பத்திரிகை அவர்களுக்குப் பெயர் வைத்தது. ஒரு பெண் உடன் நின்றால் படத்தின் கனம் குறைந்துவிடும் என்று அந்த ஆண்கள் எரிச்சல்பட்டதாகப் பிற்காலத்தில் ஹெடாவே சொன்னார். எண்பது ஆண்டு உழைத்ததைவிட அந்த ஒரு படத்தால்தான் தன்னை எல்லோருக்கும் தெரிகிறது என்றும் வருத்தப்பட்டார்.

அந்த உழைப்பைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

1910 ஆகஸ்ட் 4ஆம் தேதி புக்கரெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த பெயர் ஹெட்விக் லிண்டன்பெர்க். தந்தை மொழி ஆசிரியர், அண்ணன் எடுவார்ட் பின்னாளில் இசைக்குழு நடத்துநர். பத்துப் பதினொரு வயதுவரை படிப்பெல்லாம் வீட்டிலேயே. பிறகு பல்கலைக்கழகத்தில் தத்துவமும் கலை வரலாறும் படித்தார். பாரிஸுக்குப் போய் ஃபெர்னான் லெஜே போன்ற ஓவியர்களின் கூடங்களில் பயின்றார். 1938இல் அங்கே அவர் காட்சிக்கு வைத்த ஒட்டுப்படங்களைக் கண்ட சிற்பி ஹான்ஸ் ஆர்ப், கலைப்பொருள் சேகரிப்பாளர் பெகி குகன்ஹைமிடம் அவரைப் பற்றி எடுத்துச் சொன்னார்.

அதற்குள் ஐரோப்பா எரியத் தொடங்கிவிட்டது. 1941 ஜனவரியில் புக்கரெஸ்டில் 'இரும்புக் காவலர்' என்ற பாசிச இயக்கத்தினர் நடத்திய வெறியாட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஹெடா மயிரிழையில் உயிர் தப்பினார். அந்த ஆண்டு அக்டோபரில் லிஸ்பனிலிருந்து கப்பலேறி நியூயார்க் வந்து சேர்ந்தார். இரண்டே ஆண்டில், 1943இல், காட்சிக்கூடம் நடத்திய பெட்டி பார்சன்ஸ் அவருக்குத் தனிக்காட்சி வைத்தார். 1944இல் சால் ஸ்டைன்பெர்க்கை மணந்தார். கேலிச்சித்திரத்தை உயர்ந்த கலையாக்கிய அவரும் ருமேனியாக்காரர்தான். 1960இல் பிரிந்தார்கள், ஆனால் விவாகரத்து செய்துகொள்ளவில்லை. 1999இல் ஸ்டைன்பெர்க் மறையும்வரை சட்டப்படி கணவன் மனைவி.

1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு கோடையைக் கழித்தபோது, வயலில் நின்ற உழவு இயந்திரங்கள் அவர் கண்ணில் பட்டன. மனிதன் தன்னையறியாமல் வரைந்துகொண்ட சுயசித்திரம்தான் இயந்திரம் என்பது அவர் எண்ணம். பற்றிக்கொள்ளும் ஆசை, பாயும் வெறி, எல்லாம் அதில் தெரிகிறதாம். அந்த எண்ணத்திலிருந்து வந்த இயந்திர ஓவியங்களை ஒருமுறை பார்த்தவர்களுக்கு டிராக்டர் மறுபடி வெறும் டிராக்டராகத் தெரியாது.

பிறகு நகரம். பாலங்கள், தலைக்குமேல் ஓடும் ரயில் பாதைகள், இரவு விளக்குகள். ஓடுகிற வேகத்தைத் தூரிகையால் பிடிக்க முடியவில்லை என்று 1950களில் தெளிப்புத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார், கார்களுக்கு வண்ணம் அடிக்கிறார்களே, அந்த மாதிரி. கோட்டின் ஓரம் கரைந்து மூடுபனிபோல் ஆகிறது. கண் ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது. நியூயார்க்கை வரைந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நகரத்தின் ஓசையை வரைந்தவர் இவர் என்றே நான் சொல்வேன்.

1967இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள டாமரின்ட் கல்லச்சுப் பட்டறைக்குப் போனார். கல்லச்சு எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். தேய்த்து வழவழப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புப் பசையுள்ள பென்சிலால் வரைவார்கள். பிசினும் அமிலமும் கலந்து பூசிக் கல்லைப் பதப்படுத்துவார்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்து மை உருளையை ஓட்டினால், வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், ஈரமான வெற்றிடம் தள்ளிவிடும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மைதான் அந்தக் கலை முழுவதற்கும் அடிப்படை. வேண்டிய பிரதிகள் எடுத்தபின் கல்லை மறுபடி தேய்ப்பார்கள். பழைய படம் போய்விடும், அடுத்த படத்துக்குக் கல் தயார். ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டே இருப்பதைத்தான் அவர் அங்கே வரைந்தார். இலை முகமாகும், முகம் பாறையாகும்.

1970இல் பெட்டி பார்சன்ஸ் காட்சிக்கூடத்துக்கு வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அரூப ஓவியர் என்று பெயர் வாங்கியவர் சுவர் நிறைய முகங்களை மாட்டியிருந்தார், நூற்றுக்கணக்கில். பெயரில்லாத சாதாரண மனிதர்களின் முகங்கள். காட்சிக்கு வைத்த பெயரும் 'எல்லோரும்' என்பதே. எனக்கு அவருடைய ஆக்கங்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

இங்கேதான் சந்தை அவரைக் கைவிட்டது. ராத்கோ என்றால் மிதக்கும் வண்ணக் கட்டங்கள், பொல்லாக் என்றால் சொட்டி இழைந்த கோடுகள். வாங்குபவருக்குத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும். ஹெடா ஒரு பாணியில் தேர்ந்ததும் அதை விட்டுவிடுவார். தெரிந்ததையே திரும்பச் செய்வது அவருக்குச் சிறையாகத் தோன்றியது. நிலையில்லாதவர் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அது அநியாயம் என்பது என் திடமான கருத்து. நான் நன்றாக வேலை செய்யும் ஒரு கண்ணாடி வில்லை மட்டுமே, என்னைப் பார்க்காதீர்கள், நான் கண்டெடுத்ததைப் பாருங்கள் என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். தான் என்ற எண்ணத்தை இவ்வளவு தள்ளி வைத்த ஒருவர், ஆளுமையே விலையாக இருந்த அந்த நியூயார்க்கில் எப்படி விற்பனையாவார்?

1998 வாக்கில் விழித்திரை நடுப்பகுதி தேய்ந்து பார்வை மங்கியது. வண்ணம் தீட்டுவதை நிறுத்தினார், வரைவதை நிறுத்தவில்லை. பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகுக் குச்சியாலும் பென்சிலாலும் மெல்லிய கோடுகள் போட்டார். பார்ப்பவரும் தாளருகே குனிந்தால்தான் அவை தெரியும். 2004இல் பக்கவாதம் வந்தது. 2006இல் இல்லினாயிலுள்ள கிரானர்ட் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் ஓவியங்களைத் திரட்டிக் காட்சி வைத்தது. 2011 ஏப்ரல் 8ஆம் தேதி அவர் காலமானபோது, அந்தப் புகைப்படத்தில் இருந்த பதினைந்து பேரில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான்.