பத்து விரல்களும் பலகையின் முனையில்

நேயர்களுக்கு வணக்கம். ஜோயல் டியூடர் என்ற அமெரிக்க அலைச்சறுக்கு வீரரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். லாங்போர்டு பிரிவில் 1998, 2004, 2021 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றவர் அவர். முதல் பட்டம் பெற்றபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். மூன்றாவதைப் பெற்றபோது அவருக்கு வயது 45. உடல் வலுவையே நம்பியிருக்கும் விளையாட்டுகளில் இப்படியொரு இடைவெளியைக் காண்பது அரிது. இது எப்படி நேர்ந்தது என்று அறிய, முதலில் அந்தப் பலகையை அறிந்துகொள்ள வேண்டும்.

லாங்போர்டு என்பது குறைந்தது 9 அடி நீளமும் உருண்டை முனையும் கொண்ட பலகை. 1960களின் நடுப்பகுதி வரை அலைச்சறுக்குப் பலகை என்றாலே ஏறக்குறைய இதுதான். 1966இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் நடந்த உலகப் போட்டியில், பலகையின் முனையில் நின்று சறுக்குவதில் தேர்ந்தவரான டேவிட் நுயிவாவே வெல்வார் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, ஆஸ்திரேலியரான நாட் யங் வழக்கத்தைவிட மெல்லிய பலகையொன்றில் அலையின் சரிவில் வேகமாக வளைந்து திரும்பிப் பட்டத்தைத் தட்டிச் சென்றார். அடுத்த சில ஆண்டுகளிலேயே பலகைகள் 7 அடிக்கும் கீழே சுருங்கின. நீண்ட பலகைகள் கொட்டகைகளுக்குள் போயின.

அதே சான் டியேகோவில் பத்தாண்டுகள் கழித்து, 1976இல், பிறந்தவர் டியூடர். அவர் வளர்ந்த காலத்தில் சிறுவர்கள் குட்டைப் பலகையைத்தான் விரும்பினார்கள். இவரோ முந்தைய தலைமுறையின் பலகையைத் தேர்ந்தெடுத்தார். ஹவாயில் பிறந்த டொனால்ட் டக்கயாமா போன்ற மூத்த கைவினைஞர்கள் செதுக்கிய பலகைகளில் பயின்று, பதின்பருவத்திலேயே தொழில்முறை வீரரானார். அதற்குள் லாங்போர்டுக்கென்று தனி உலகப் பட்டமும் வந்துவிட்டிருந்தது. 1986இல் அதை வென்றவர் வேறு யாருமல்லர், அந்த நாட் யங்கேதான்! நீண்ட பலகையின் காலத்தை முடித்துவைத்தவர்களுள் ஒருவரே அதன் மறுவரவில் முன்னால் நின்றதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

இந்தக் கலையின் உச்சம், பலகையின் பின்பகுதியிலிருந்து கால்மாற்றிக் கால்வைத்து முன்னே நடந்து, இரு கால்களின் பத்து விரல்களையும் முனைக்கு வெளியே நீட்டி நிற்பது; இதை 'ஹேங் டென்' என்பார்கள். ஓராளின் எடை முழுவதும் முனைக்கு வந்துவிட்ட பிறகும் பலகை கவிழாமல் இருப்பதற்குக் காரணம் பின்பகுதியில் இருக்கிறது. உடைந்து விழும் அலையின் நீர் பலகையின் பின்பகுதிமேல் பாய்ந்து அதைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. முன்புறத்தில் அடியில் பாயும் நீர் முனையைத் தாங்கி நிற்கிறது. அலையின் வேகத்தைவிடப் பலகை முந்திவிட்டால் பின்னழுத்தம் போய்விடும். பிந்திவிட்டால் நுரைக்குள் அகப்பட்டுக்கொள்ளும். ஆகவே பின்காலை அழுத்திப் பலகையின் வேகத்தைக் குறைத்து, அலை தன்னை எட்டும்வரை காத்திருந்து, சரியான கணத்தில் நடக்கத் தொடங்க வேண்டும். அந்த நடையில் ஓரடிகூடத் தடுமாற்றம் தெரியக்கூடாது. டியூடரின் சறுக்கலைப் பார்ப்பவர்களுக்கு அவர் எதுவுமே செய்யாமல் நிற்பதுபோலத் தோன்றும். கைகள் தாழ்ந்திருக்கும், முதுகு லேசாக வளைந்திருக்கும். வலுவைக் காட்டிலும் காத்திருக்கத் தெரிந்த கண்ணுக்கே இங்கு வேலை அதிகம் என்பதால், வயது கூடக்கூட அந்தக் கண் கூர்மையாகத்தான் ஆகிறது.

ஆனால் கலை வேறு, பிழைப்பு வேறு. குட்டைப் பலகை வீரர்களுக்கு இருப்பதுபோல ஆண்டு முழுவதும் நீளும் போட்டிச் சுற்று லாங்போர்டு வீரர்களுக்கு இருந்ததில்லை. சில ஆண்டுகளில் ஒரேயொரு போட்டியே உலகப் பட்டத்தைத் தீர்மானித்திருக்கிறது. விளம்பர ஆதரவும், தம் பெயரில் விற்கும் பலகைகளும்தான் பலருக்குச் சோறு போட்டன. போட்டிகளிலோ, நீண்ட பலகையையும் குட்டைப் பலகைபோல வெட்டித் திருப்புவோருக்கு மதிப்பெண் குவிந்த காலம் ஒன்று இருந்தது. அதில் மனம் ஒப்பாத டியூடர், 2010இல் 'டக்ட் டேப் இன்விட்டேஷனல்' என்ற அழைப்புப் போட்டியைத் தாமே தொடங்கி, பழைய பாணியில் சறுக்கும் இளையவர்களுக்கு மேடையும் பரிசுப்பணமும் கிடைக்கச் செய்தார். அவருடைய மூன்று பட்டங்களைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். பின்னர், உலகப் பட்டப் போட்டிகளை நடத்தும் அமைப்பான உலக சர்ஃப் லீக்கின் மதிப்பெண் அளவுகோலும் மரபான பாணியின் பக்கம் சாய்ந்தது. 2021இல் கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் நீண்டு உருளும் அலைகளில் மூன்றாம் பட்டம் அவருக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த ஆண்டே, லாங்போர்டுக்கு ஒதுக்கப்பட்ட போட்டிகள் மிகக் குறைவு என்று சமூக ஊடகத்தில் வெளிப்படையாகச் சாடியதற்காக, நடப்பு உலகச் சாம்பியனான அவரையே அந்த லீக் இடைநீக்கம் செய்தது. அவர் நிதானமாகப் பேசியிருக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. அலைமீது அத்தனை பொறுமை காட்டும் மனிதர் கரைக்கு வந்தபின் அவ்வளவு பொறுமையானவர் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் போட்டிகளின் எண்ணிக்கையைப் பற்றி அவர் சொன்ன குறையை என்னால் மறுக்க முடியவில்லை.

நன்றி, வணக்கம்.