கூப்பனி வாசம் அடிக்குற ஸ்காட்ச் ஏல்

வணக்கம் மக்களே! தக்கலைப் பக்கம் நம்ம வீட்டு மொட்டைமாடியில இருக்கேன். மழை இப்பம்தான் விட்டுது. பக்கத்து ரப்பர் தோட்டத்துல தவளை கத்துகது மைக்ல விழும், பொறுத்துக்கிடுங்க. 21 வயசு ஆகாதவங்க இதோட நிறுத்திடுங்க. குடிச்சிட்டு யாரும் வண்டியை எடுக்காதீங்க, அதுவும் முதல்லயே சொல்லிடுகேன்.

இன்னைக்குப் பாக்கப்போறது ஒரு பீர். நம்ம கடையில கெடைக்குற மஞ்சக்கலர் லாகர் இல்ல, ஸ்காட்ச் ஏல். ஸ்காட்ச்னதும் விஸ்கின்னு நெனைச்சிராதீங்க, இது ஸ்காட்லாந்துக்காரங்க காய்ச்சுற ஒரு பீர் வகை. அத்தான் எடின்பரோவுல வேலை பாக்காரு. போன வாரம் லீவுக்கு வந்தப்போ துணிக்கு நடுவுல சுத்தி மூணு பாட்டில் கொண்டு வந்தாரு. பேரு ட்ராக்வேர் ஹவுஸ் ஏல். ஆல்கஹால் 7.2 சதவீதம்.

ட்ராக்வேர்ங்கிறது எடின்பரோவுக்குத் தெக்க உள்ள ஒரு பழைய அரண்மனை வீடு. அங்க முன்வாசல்ல கரடிச் சிலை வச்ச ஒரு கேட் உண்டு. 1745-ல பூட்டினது, ஸ்டூவர்ட் வம்சத்து ராஜா திரும்ப அரியணை ஏறுற வரைக்கும் திறக்கமாட்டோம்னு சொல்லி இன்னும் பூட்டித்தான் கெடக்கு. வீட்டுக்குள்ளயே ஒரு பழைய பீர் காய்ச்சுற கூடம் சும்மா கெடந்திருக்கு. 1965-ல அந்த வீட்டுக்காரர் பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் அதைத் துடைச்சு எடுத்து மறுபடியும் அடுப்பு மூட்டினாரு. இப்பவும் ஓக் மரத்தொட்டியிலதான் நொதிக்க விடுகாங்க.

சரி, ஊத்துகேன். கலரைப் பாருங்க. நல்லா கடுப்பமா போட்ட கருப்பட்டிக் காப்பி மாதிரி இருக்கு. லைட்டுக்கு நேரா பிடிச்சா ஓரத்துல மட்டும் செவப்பு தெரியுது. நுரை கொஞ்சந்தான், அதுவும் பழுப்பு.

முதல் பாட்டிலை நேத்து ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த கையோட குடிச்சேன். தப்பு. வாயில ஜில்லுன்னு இருந்ததைத் தவிர ஒண்ணுமே தெரியல. இந்த வகையை 10, 12 டிகிரியில குடிக்கணும். அதனால இன்னைக்கு இருபது நிமிஷம் வெளிய வச்சிட்டேன்.

இப்பம் மோந்து பாக்கேன்... மக்களே, இதைச் சொல்லத்தான் கேமராவை ஆன் பண்ணினேன். கொஞ்சம் முன்னால கிளாஸை அம்மாகிட்ட நீட்டினேன். அவங்க குடிக்கமாட்டாங்க, சும்மா மோந்து பாத்தாங்க. பாத்துட்டு, "இது கூப்பனி வாசமில்லாடே?"ன்னாங்க.

எங்க பாட்டா பனையேறி. விடிலியில, அதான் கருப்பட்டி காய்ச்சுற குடிசையில, பாட்டி அக்கானி காய்ச்சுவாங்க. அக்கானின்னா பதநீர். அம்மா சின்னதுல பக்கத்துல இருந்து பனையோலை தள்ளி எரிச்சிருக்காங்க. அக்கானி வத்தி, கருப்பட்டிப் பதத்துக்கு முன்னால பாகா நிக்குமே, அதுதான் கூப்பனி. துடுப்புல எடுத்தா நூலா விழும். அந்தப் பதம் தாண்டினா சிரட்டையில ஊத்திடணும், கண்ணை அசத்தினா அடிப்பிடிச்சிரும்.

அம்மா மூக்கு பொய் சொல்லல. ஏல்லயும் நடக்கது அதேதான். பார்லியை முளைக்க வச்சு, சூட்டுல உணத்தினா அதுதான் மால்ட். அதை வெந்நீர்ல ஊறவச்சு இனிப்பை வடிச்சு எடுக்காங்க. அந்த இனிப்புத் தண்ணிக்குப் பேரு வோர்ட். சில இடத்துல முதல்ல வடியுற கெட்டி வோர்ட்டைத் தனியா எடுத்து வத்தக் காய்ச்சி, திரும்பச் சேப்பாங்க. இனிப்பும் புரதச்சத்தும் சேர்ந்து சூட்டுல கெடந்தா செவந்து இந்த வாசம் வரும். அடுப்பு எந்த நாட்டுல இருந்தா என்ன!

ஒண்ணுதான் தலைகீழ். அவங்க காய்ச்சி, ஆறவிட்டு, அப்புறம் ஈஸ்ட் போட்டு நுரைக்க விடுகாங்க. நாம்ப கலயத்துல சுண்ணாம்பு தடவி நுரைக்கவிடாம நிறுத்திட்டு, அப்புறம் காய்ச்சுகோம். சுண்ணாம்பு தடவலன்னா அது கள்ளு. கள்ளுக்கு 1987-லேர்ந்து இங்க தடை.

குடிக்கேன். முதல்ல இனிப்பு, கருப்பட்டி மாதிரி, உலர்ந்த திராட்சை மாதிரி. நடுவுல லேசா மர வாசம். கசப்பு கடைசியில ஒரு ஓரமா வந்து நிக்கு, அவ்வளவுதான். ஸ்காட்ச் ஏல்ல ஹாப்ஸ், அதான் கசப்புக்குப் போடுற பூ, பின்னாலதான் நிக்கணும், மால்ட்தான் பேசணும். வயித்துக்குள்ள ஒரு சூடு பரவுது, அது 7.2-ஓட வேலை. அவசரப்படாம, சிப் சிப்பாதான் குடிக்கணும்.

அங்க பழைய காலத்துல 60, 70, 80 ஷில்லிங்னு பீப்பாய் விலையை வச்சே ஏலுக்குப் பேரு சொன்னாங்க. விலை ஏற ஏற வீரியமும் ஏறும். ரொம்பக் கனமானதை 'வீ ஹெவி'ம்பாங்க.

தொட்டுக்கிட பீஃப் வறுவல், தேங்காக்கொத்து போட்டது. நல்லா சேருது, மொளகு காரத்தை இனிப்பு அணைச்சிடுது. ஆனா இதைப் பாருங்க, முந்திரிக்கொத்து. அம்மா கருப்பட்டிப் பாகுல பிடிச்சது. ஒரு கடி, ஒரு மடக்கு... ஐயோ! பாசிப்பயிறு வறுத்த வாசமும் மால்ட்டும் ஒண்ணோட ஒண்ணு போய் ஒட்டுது. என் ஓட்டு இதுக்குத்தான்.

அந்தப் பீட்டர் பழைய கூடத்துல மறுபடியும் அடுப்பு மூட்டினதை நெனச்சுதான் எனக்கு மனசு அடிச்சுக்கிடுது. பாட்டா காய்ச்சின விடிலி இருந்த இடத்துல இப்பம் வாழை நிக்கு. பனை ரெண்டே ரெண்டு மிச்சம், ஏற ஆளில்ல. கருங்கல், திங்கள்சந்தைப் பக்கம் இன்னும் வீட்டுல கூப்பனி காய்ச்சுறவங்க இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாரேன். அடுப்புப் பக்கத்துல இருந்து ஓலை தள்ளணும்னு ஆசையா இருக்காம். மூணாவது பாட்டிலை அதுக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன்.